கார்னிவால் சீரியல்: கல்லா கட்டுறவங்களும் காடு விட்டுப் போனவங்களும்

கேள்வி இதுதான். "கார்னிவால்னு பழைய எச்.பி.ஓ. சீரியல் ரெண்டு எபிசோட் பாத்தேன், படம் பூரா புழுதி, யாரும் எதையும் முழுசா சொல்லித் தொலைக்க மாட்டேங்கிறாங்க. இதை ஏன் தலைல தூக்கி வச்சு ஆடுறாங்க? 1930கள்ல அமெரிக்கா நிஜமாவே இப்படித்தான் இருந்துச்சா இல்ல பில்டப்பா? மேல பாக்கலாமா விட்டுடலாமா?"

கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா நானும் முதல் தடவ மூணாவது எபிசோட்லயே எந்திரிச்சுப் போனவன்தான். அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி உக்காந்து முழுசா பாத்து, அதுக்கப்புறம் இன்னொரு தடவயும் பாத்தாச்சு. முதல் தடவ நான் பண்ணின தப்பு என்னன்னா, "ஒளிக்கும் இருளுக்கும் நடக்கிற போர்"னு எவனோ சொன்னதைக் கேட்டுட்டு, ஒவ்வொரு சீன்லயும் இதுக்கு என்ன அர்த்தம், அந்த கரடி எதுக்கு, அந்த பச்சை குத்தின ஆள் யாருன்னு துப்பு துலக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது தடவ அதையெல்லாம் ஓரமா வச்சுட்டு, இன்னைக்கு கலெக்‌ஷன் எவ்ளோ, யாருக்கு கூலி பாக்கி, யாரு யாருகிட்ட கடன், அடுத்த ஊருக்கு லாரிக்கு பெட்ரோல் இருக்கா, இதை மட்டும் கவனிச்சேன். அப்பதான் சீரியல் தொறந்துச்சு. இது பொழப்பு தேடி ஊர் ஊரா அலையுறவங்க கதை, சாமியும் சைத்தானும் அதே லாரில ஓசில ஏறி வர்றாங்க, அவ்ளோதான்.

அடிப்படை விஷயத்தை சொல்லிடறேன். 2003 செப்டம்பர் 14ல ஆரம்பிச்சு 2005 மார்ச் 27ல முடிஞ்சுது, சீசனுக்கு 12ன்னு மொத்தம் 24 எபிசோட். உருவாக்கினவர் டேனியல் நாஃப். இந்தாளு அதுக்கு முன்னாடி ஹெல்த் இன்சூரன்ஸ் வேலை பாத்துட்டு இருந்தவர், 90கள் ஆரம்பத்துல இதை ஒரு சினிமா கதையா எழுதி, அது சினிமாவுக்கு அடங்காத அளவுக்கு நீண்டு போய், பெட்டில போட்டு வச்சிருந்தார். அவரோட அப்பா போலியோவால வீல்சேர்ல இருந்தவர். உடம்பு வேற மாதிரி இருக்கிற மனுஷனை தெருவே எப்படி முறைச்சுப் பாக்கும், அப்புறம் எப்படி சட்டுனு கண்ணை திருப்பிக்கும்ங்கிறதை சின்ன வயசுலயே பாத்து வளந்தவர்னு சீரியலைப் பாத்தாலே தெரியும்.

கதை 1934ல ஓக்லஹோமாவுல ஆரம்பிக்குது. மில்ஃபேங்கிற ஊர்ல பென் ஹாக்கின்ஸ்னு ஒரு பையன், கால்ல விலங்கு அறுபட்ட வளையம் இன்னும் தொங்குது, ஜெயில்ல இருந்து தப்பிச்சு வந்தவன், அம்மா சாகக் கெடக்கா. செத்ததும் வீட்டு வாசல்லயே குழி தோண்டிட்டு இருக்கான், அதுக்குள்ள பேங்க் அனுப்பின ஆளு வீட்டை இடிக்க வண்டியோட வந்து நிக்கிறான். அந்த நேரத்துல ரோட்டுல போற ஒரு ராட்டினக் கம்பெனி (அதான் கார்னிவால், ராட்டினமும் வேடிக்கைக் கடையும் வச்சு ஊர் ஊரா போறவங்க) லாரிகள் நிக்குது, இறங்கி வந்து அந்த அம்மாவைப் புதைக்க கை குடுக்கறாங்க, பையனை வண்டில அள்ளிப் போட்டுட்டுக் கிளம்பிடறாங்க. இந்த ஒரு சீனை திரும்பப் போட்டுப் பாருங்க. இதுல மந்திரம் எதுவும் இல்ல. துக்க வீட்டுல ஜப்தி பண்ண வந்தவன் ஒருத்தன், வழியில போறவன் இறங்கி தோள் குடுக்கறவன் ஒருத்தன். மிச்ச 23 எபிசோடும் இந்த சீன்ல இருந்துதான் முளைக்குது.

சரி, நிஜமாவே அப்படி இருந்துச்சான்னா, சீரியல்ல காட்டுறது கம்மின்னுதான் சொல்லணும். 1929 அக்டோபர்ல நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது எல்லாருக்கும் தெரியும், 1933ல அமெரிக்காவுல நாலுல ஒருத்தருக்கு வேலை இல்ல. ஆனா அந்த நடு மாநிலங்கள்ல கஷ்டம் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. முதல் உலகப் போர் சமயத்துல கோதுமை ஒரு புஷல் (அந்த ஊர் தானிய அளவு) ரெண்டு டாலருக்கு மேல போச்சு, அரசாங்கமே விளைவிங்க விளைவிங்கன்னு உசுப்பேத்துச்சு, அதை நம்பி மேய்ச்சல் புல்வெளியா இருந்த இடத்தையெல்லாம் டிராக்டர் வச்சு கீறிப் போட்டாங்க, அதுக்கெல்லாம் கடன் வாங்கினாங்க. போர் முடிஞ்சு விலை எறங்குச்சு, கடனைக் கட்டணுமேன்னு இன்னும் அதிகமா உழுதாங்க, அதிகமா விளைஞ்சதும் விலை இன்னும் எறங்குச்சு, 30கள் ஆரம்பத்துல நாப்பது சென்ட் அளவுக்கு வந்துருச்சு. அப்புறம் 1931ல இருந்து மழை இல்ல. அந்த மண்ணைப் பல ஆயிரம் வருஷமா கட்டிப் பிடிச்சு வச்சிருந்தது அந்தப் புல்லோட வேர்தான், அதைத்தான் பிடுங்கி எறிஞ்சாச்சே, காத்து வந்து மண்ணை அப்படியே தூக்கிட்டுப் போச்சு. 1934 மே மாசம் கிளம்பின ஒரு புழுதிப் புயல் நியூயார்க், வாஷிங்டன் வரைக்கும் போய், அட்லாண்டிக்ல நின்ன கப்பல் மேலயும் மண்ணைக் கொட்டுச்சு. 1935 ஏப்ரல் 14ஐ கறுப்பு ஞாயிறுன்னே சொல்லுவாங்க, பட்டப்பகல்ல கை தெரியாத இருட்டு.

அந்த ஊர் பொம்பளைங்க ஜன்னலுக்கு ஈரத்துணி தொங்க விட்டாங்க, சோறு போடுற நிமிஷம் வரைக்கும் தட்டைக் கவுத்தே வச்சிருந்தாங்க. காத்துல மின்சாரம் ஏறி கார் நடுவழில நின்னுடும், அதனால கார் பின்னாடி தரையில உரசுற மாதிரி சங்கிலி தொங்க விட்டு ஓட்டினாங்க. குழந்தைகளுக்கும் வயசானவங்களுக்கும் நுரையீரல்ல மண்ணு ஏறி காய்ச்சல் வந்துச்சு, அதுக்கு புழுதி நிமோனியான்னே பேரு. முதல் சீசன்ல நாலாவது எபிசோட் முழுக்க இப்படி ஒரு புயலைச் சுத்தித்தான். அதைப் பாக்கும்போது தண்ணி பாட்டிலை பக்கத்துல வச்சுக்கங்க, நெசமாத்தான் சொல்றேன், தொண்டை காயும்.

இங்க ஒரு சின்ன நொட்டை சொல்லாம இருக்க முடியல. மில்ஃபே நெஜமான ஊர்தான், ஆனா அது ஓக்லஹோமாவோட கிழக்குப் பக்கம், புழுதி தாண்டவமாடுனது மேற்குக் கோடில, டெக்சாஸ் கான்சாஸ் கொலராடோ எல்லாம் ஒட்டுற மூலையில. அதனால சீரியல் தப்புன்னு தூக்கிப் போடவும் முடியாது, ஏன்னா வேடிக்கை என்னன்னா கலிஃபோர்னியாவுக்கு மூட்டை கட்டினவங்கள்ல பெரும்பாலான ஆளுங்க அந்தப் புழுதி மூலையில இருந்து போனவங்களே இல்ல. கிழக்கு ஓக்லஹோமா, ஆர்கன்சா, டெக்சாஸ் மாதிரி பருத்திக் காட்டுல அடுத்தவன் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சல்ல பங்குக்கு, உழுதவங்கதான் ஜாஸ்தி. 1933ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுச்சு, விலை ஏறணும்னா விளைச்சல் குறையணும், நிலத்தைத் தரிசா போடுங்க நாங்க பணம் தர்றோம்னு. பணம் யாரு கைக்குப் போகும்? நிலச் சொந்தக்காரன் கைக்கு. அவன் வாரக்காரனை எந்திரிச்சுப் போன்னுட்டு, அதே பணத்துல டிராக்டர் வாங்கினான். ஏழைக்காகப் போட்ட சட்டம் ஏழையை ரோட்டுக்குத் துரத்துச்சு. பென்னோட வீட்டை இடிக்க வந்த அந்த வண்டிக்குப் பின்னாடி இவ்ளோ கதை இருக்கு, சீரியல் ஒரு வார்த்தை விளக்காது, வண்டிச் சத்தத்தை மட்டும் கேக்க விடும்.

இப்ப அந்த ராட்டினக் கம்பெனிக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா இதுதான். அமெரிக்காவுல இந்த மாதிரி ஊர் சுத்துற கம்பெனிகள் பெருகினது 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அப்புறம். ஜார்ஜ் ஃபெர்ரிஸ்ங்கிறவர் 264 அடி உயரத்துக்கு முதல் ராட்சச ராட்டினம் நிறுத்தினதும் அங்கதான், ஒரு பெட்டில 60 பேர், அப்படி 36 பெட்டி. வேடிக்கைக் கடைங்க வரிசையா இருந்த அந்த வீதிக்கு மிட்வேன்னு பேரு, அதுக்கப்புறம் எல்லா கம்பெனிலயும் நடுப்பாதைக்கு அதே பேரு நிலைச்சிருச்சு. அப்புறம் அவங்களுக்குள்ள ஒரு தனி பாஷையே உண்டு. வேடிக்கை பாக்க வர்ற ஊர்க்காரன் ரூப், பணத்தை விடப் போற ஏமாளி மார்க். டென்ட் அடிக்கிறது பிரிக்கிறது மூட்டை தூக்குறதுன்னு உடம்பு உழைப்பு பண்றவங்க ரௌஸ்டி. வாசல்ல நின்னு கூவிக் கூப்பிடறவன் டாக்கர், அவனை பார்க்கர்னு சொன்னா நீங்க வெளியாள்னு உடனே தெரிஞ்சு போயிடும். ஊர்ல போய் போலீஸ்காரனையும் பெரிய மனுஷனையும் கவனிச்சு லைசன்ஸ் வாங்கற ஆளுக்குப் பேரு பேட்ச். ஊர்க்காரங்க கூட்டமா அடிக்க வந்துட்டா "ஏய் ரூப்"னு ஒரு கத்து கத்துவாங்க, எல்லாரும் கையில கிடைச்சதை எடுத்துட்டு ஓடி வரணும். சீரியல்ல கம்பெனி மேனேஜர் சாம்சன் கிளம்பலாம்ங்கிறதுக்கு "புழுதியைத் தட்டுவோம்"ங்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுவார், அது வந்தாலே எனக்கு மனசுக்குள்ள ஒரு மாதிரி இருக்கும். சாமானை ஏத்து, குழியை மூடு, அடுத்த ஊர்.

சாம்சனா நடிச்சவர் மைக்கேல் ஜே. ஆண்டர்சன், உயரம் குறைவான மனுஷர், அவர்தான் கம்பெனியோட நெஜ மேனேஜர். அவருக்கு மேல ஒருத்தர் இருக்கார், மேனேஜ்மென்ட்டுன்னு பேரு, ஒரு வண்டிக்குள்ள திரைக்குப் பின்னாடி உக்காந்திருக்கும், சாம்சன் மட்டும்தான் உள்ள போய் ஆர்டர் வாங்கிட்டு வருவார். எனக்கு இதைப் பாத்தா பேய் பிசாசு ஞாபகமே வரல, நம்ம ஆபீஸ்தான் ஞாபகம் வந்துச்சு. மேல இருந்து காரணம் சொல்லாம ஒரு ஆர்டர் வரும், நடுவுல இருக்கிறவன் தனக்கே புரியாத அந்த ஆர்டரை கீழ இருக்கிறவங்ககிட்ட தெரிஞ்ச மாதிரியே சொல்லணும், கீழ இருக்கிறவன் "கலெக்‌ஷன் ஆகாத ஊருக்கு எதுக்குப் போறோம்"னு கேட்டா முறைக்கணும். பாபிலோன்னு ஒரு ஊருக்கு அப்படித்தான் போறாங்க, முதல் சீசன் அஞ்சாவது எபிசோட். அதுலயும் அதுக்கு அடுத்ததுலயும் என்ன ஆகுதுன்னு சொல்ல மாட்டேன். தொழிலாளிங்க மேனேஜ்மென்ட்டை நம்பி ஒரு இடத்துக்குப் போனா என்ன விலை குடுக்க வேண்டி வருதுங்கிறதை அவ்ளோ கொடூரமா நான் வேற சீரியல்ல பாத்ததில்ல.

பஞ்ச காலத்துல காசே இல்லாதப்ப ராட்டினம் சுத்த யாரு வருவாங்கன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா வந்தாங்க. அஞ்சு சென்ட், பத்து சென்ட்தான், அதை வச்சு நிலத்தை மீட்க முடியாது, பேங்க் கடனை அடைக்க முடியாது, எதுக்கும் ஆகாத காசு, ஒரு ராத்திரி வெளிச்சம் பாக்கலாம். இதுலதான் சீரியலோட உள்குத்து இருக்குன்னு நான் நெனைக்கிறேன். ஒரே ரோட்டுல ரெண்டு கூட்டம் போகுது. நிலத்தை இழந்து மெத்தை பாத்திரமெல்லாம் கார் மேல கட்டிட்டு மேற்கே போற குடும்பங்க ஒரு பக்கம், டென்ட்டை லாரில ஏத்திட்டுப் போற கம்பெனி ஒரு பக்கம். ரெண்டு பேரும் பசிக்காரங்க, ரெண்டு பேரையும் எந்த ஊரும் ராத்தங்க விடாது. ஆனா கம்பெனிக்காரன் கண்ணுக்கு அந்தக் குடும்பம் கிராக்கி, அவங்க கண்ணுக்கு இவன் திருட்டுப் பய. ஒருத்தனோட கடைசி காசை வாங்கித்தான் இன்னொருத்தன் அன்னைக்கு கஞ்சி குடிக்கணும். சீரியல் இதை எங்கயும் வசனமா பேசாது, அது பேசாததாலயே நல்லா இருக்கு.

வித்தியாசமான உடம்போட இருக்கிறவங்களைக் காட்டுற விதத்துலயும் இதேதான். தாடி வச்ச லைலா, பல்லி மாதிரி தோல் இருக்கிற கெக்கோ, ஒட்டிப் பிறந்த ரெட்டை சகோதரிகள்னு ஒரு பட்டாளம். முதல் அரை மணி நேரம் நாமளும் ரூப் மாதிரி வாயப் பொளந்து பாப்போம். அப்புறம் பாத்தா அவங்க டென்ட் வாசல்ல துணி காயப் போடறாங்க, சீட்டு விளையாடறாங்க, புது ஆளைப் பத்தி புறணி பேசறாங்க. நம்மைப் பாக்க வர்றவன்கிட்ட காசை வாங்கிட்டு மணி அடிச்சா திரைய மூடிடலாம்ங்கிற ஒரு பிடி அவங்க கையில இருந்துச்சு, தெருவுல நடந்து போனா ஓசிலயே முறைப்பாங்களே. அதுக்காக அந்தத் தொழிலை புனிதமாக்கவும் வேணாம், சுரண்டல் நிறைய. ஆனா ஃப்ளோரிடாவுல கிப்சன்டன்னு ஒரு ஊரே இந்த மாதிரி கம்பெனி ஆளுங்க குளிர்காலத்துல வந்து தங்கி வளந்த ஊர், அங்க போஸ்ட் ஆபீஸ்ல குள்ளமானவங்களுக்குன்னு தாழ்வா ஒரு கவுன்டர் வச்சிருந்தாங்க. வேற எந்த ஊருக்கு அப்படித் தோணிச்சு சொல்லுங்க.

கம்பெனில கவர்ச்சி ஆட்டம் நடத்துற ஸ்டம்பி குடும்பத்தைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா நிறைய பேரு அதைப் பாத்துட்டுதான் வீட்டுல சவுண்டை குறைக்கிறாங்க. பொண்டாட்டியும் ரெண்டு பொண்ணுங்களும் மேடையில ஆடுறாங்க, புருஷன் வாசல்ல நின்னு கூவறான். நம்ம ஊர் திருவிழா ரெக்கார்ட் டான்ஸை விட பல மடங்கு தூக்கல். இந்த குடும்பத்தை சீரியல் கேலியும் பண்ணல, பாவம்னு உச்சும் கொட்டல. ஒரு சின்ன பிசினஸ் நடத்துற குடும்பம் மாதிரி, வசூல் இல்லன்னா சண்டை, அப்பன் சூதாட்டத்துல விட்டதுக்கு அம்மா கணக்கு கேக்கறா, பொண்ணுக்கு எப்படா இங்கிருந்து ஓடலாம்னு கனவு. குடும்பத்தோட உக்காந்து பாக்கற சீரியல் இல்ல, அதை இப்பவே சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டாதீங்க.

இன்னொரு கிளை கலிஃபோர்னியாவுல ஓடுது, மின்டர்ன்ங்கிற ஊர்ல பிரதர் ஜஸ்டின்னு ஒரு மெதடிஸ்ட் பாதிரியார், கூட அவர் அக்கா ஐரிஸ். க்ளான்சி பிரௌன் நடிப்பு, அந்தக் குரலுக்கே டிக்கெட் போடலாம். ரெண்டு கதையும் ரொம்ப நாளைக்கு சேராது, அதான் உங்களுக்குக் குழப்பம். சேக்கிற கயிறு என்னன்னா, ஓக்லஹோமாவுல கிளம்பின குடும்பங்க வந்து எறங்குற இடம் இவரோட சபை வாசல். உள்ளூர் பணக்கார விசுவாசிகளுக்கு அந்த அழுக்குச் சனத்தைப் பாத்தா குமட்டுது, ஓக்கீன்னு (ஓக்லஹோமாக்காரன்ங்கிறதோட சுருக்கம்) திட்டறாங்க, அந்த வார்த்தையே அப்ப கெட்ட வார்த்தை மாதிரி. ஜஸ்டின் மட்டும் அவங்களுக்காக நிக்கறார். முதல்ல பாத்தா எவ்ளோ நல்ல மனுஷன்னு தோணும். அங்கதான் எழுத்தாளர் நம்மளை மாட்டி விடறார், ஏன்னா இந்தாளோட வளர்ச்சி பூரா அந்தப் பசியில இருந்து வருது. சோறு போட்டவன் சொல்றதை கூட்டம் கேக்கும், அப்புறம் ரேடியோ கைக்கு வருது, அப்புறம் கேக்கவே வேணாம்.

இது கற்பனை மட்டும் இல்ல. சார்ல்ஸ் கோக்லின்னு மிச்சிகன்ல ஒரு கத்தோலிக்க பாதிரியார் 1926ல ரேடியோவுல பேச ஆரம்பிச்சு, 30கள்ல மூணு கோடி பேர் வரைக்கும் கேட்டாங்கன்னு சொல்லுவாங்க. முதல்ல ரூஸ்வெல்ட்டுக்கு ஜே போட்டவர், பேங்க்காரங்களைத் திட்டறார்னு ஏழை பாழையெல்லாம் பின்னாடி போச்சு, அப்புறம் அந்தத் திட்டு யூதர்கள் மேல திரும்பி ஹிட்லர் பக்கம் சாயுற அளவுக்குப் போச்சு. அதுக்காக ரேடியோவுல ஜெபிச்சவங்க எல்லாரும் அப்படின்னும் இல்ல. லாஸ் ஏஞ்சலஸ்ல அய்மி செம்பிள் மெக்ஃபர்சன்னு ஒரு அம்மா 1923ல பெரிய சபை கட்டி, சொந்த ரேடியோ ஸ்டேஷனும் வச்சு, பஞ்ச காலத்துல எண்ண முடியாத ஜனத்துக்கு சோறு போட்டாங்க. ஜஸ்டின்கிட்ட ரெண்டு பேரோட சாயலும் இருக்கு. ரெண்டாவது சீசன்ல அவர் நியூ கேனான்னு அகதிகளுக்கு ஒரு குடியிருப்பு அமைக்கிறார், கூடாரம் கூடாரமா. அதுக்கு எதிரே நம்ம கம்பெனியோட கூடாரங்க. இங்கயும் டென்ட், அங்கயும் டென்ட், இங்கயும் வாசல்ல நின்னு கூவறான், அங்கயும் கூவறான். இதுக்கு மேல நான் சொன்னா கதை போயிடும்.

கலிஃபோர்னியா நெஜத்துல அவங்களை எப்படி வரவேத்துச்சுன்னும் தெரிஞ்சுக்கங்க, இது கதை நடக்கிற காலத்துக்குக் கொஞ்சம் பின்னாடி. 1936 பிப்ரவரில லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் சீஃப் தன்னோட ஆளுங்க 136 பேரை மாநில எல்லைக்கே அனுப்பி, கையில காசு இல்லாதவனை உள்ள விடாதேன்னு மறிச்சார். நகர போலீஸ் போய் மாநில எல்லையை மறிக்குது, கேக்க ஆளில்ல. ஏழையைக் கூட்டிட்டு மாநிலத்துக்குள்ள வர்றதே குற்றம்னு ஒரு சட்டம் இருந்துச்சு, அதை சுப்ரீம் கோர்ட் தூக்கிப் போட 1941 ஆச்சு.

எனக்கு இந்த சீரியல் மேல இருக்கிற பெரிய குறை இங்கதான். கலிஃபோர்னியா வயல்ல இவங்க போறதுக்கு முன்னாடியே மெக்சிகோக்காரங்களும் ஃபிலிப்பைன்ஸ்காரங்களும் குனிஞ்சு வேலை பாத்துட்டு இருந்தாங்க. பஞ்சம் வந்ததும் மெக்சிகோக்காரங்களை, அமெரிக்காவுலயே பொறந்த பிள்ளைகளையும் சேத்து, லட்சக்கணக்குல ரயிலேத்தி விட்டாங்க. மிச்சம் இருந்தவங்க 1933ல சான் வாக்கின் பள்ளத்தாக்குல பருத்தி எடுக்கிற வேலையை நிறுத்திட்டு ஸ்ட்ரைக் பண்ணாங்க, பதினெட்டாயிரம் பேர் கிட்ட. நூறு பவுண்டு பஞ்சு எடுத்தா 60 சென்ட்னு முதலாளிங்க சொல்ல, ஒரு டாலர் வேணும்னு இவங்க நிக்க, துப்பாக்கிச் சூடெல்லாம் நடந்து, கடைசில 75 சென்ட்ல முடிஞ்சுது. சீரியல்ல ஏழைங்க கடவுள்கிட்ட கேக்கறாங்க, ஜோசியம் கேக்கறாங்க, ரேடியோ கேக்கறாங்க, கூலி மட்டும் யாரும் சேந்து கேக்க மாட்டேங்கிறாங்க. யூனியன்னு ஒண்ணு அந்த நாட்டுல இருந்த அடையாளமே பெருசா இல்ல. கறுப்பின ஆளுங்களும் ஓரத்துலதான் நிக்கறாங்க.

சந்தடி சாக்குல இதையும் சொல்லிக்கறேன். அதே பொருளாதார மந்தத்துல ரப்பர் விலை படுத்து, மலாயா தோட்டங்கள்ல இருந்து நம்ம ஆளுங்களை லட்சத்துக்கும் மேல கப்பலேத்தி நாகப்பட்டினத்துக்கும் மெட்ராசுக்கும் திருப்பி அனுப்பினாங்க. போகும்போது கங்காணி ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போனான், வரும்போது வெறுங்கை. இதை எவனாவது இந்த மாதிரி செலவு பண்ணி சீரியலா எடுத்தா நான் பட்டினி கிடந்து பாப்பேன், நமக்குத்தான் மாமியார் மருமக சண்டை முடியவே மாட்டேங்குதே.

மந்திரத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலைன்னு கேப்பீங்க. பென்னுக்கு தொட்டா குணமாக்கற சக்தி இருக்கு, ஆனா அந்த உயிர் சும்மா வராது, வேற எங்கிருந்தாவது உறிஞ்சிக்கும். முதல் எபிசோட்ல நடக்க முடியாத ஒரு குட்டிப் பொண்ணை நிக்க வைக்கிறான், சுத்தி இருந்த பயிர் கருகுது. அந்த மாநிலத்துல, அந்த வருஷத்துல, பயிர் கருகுறதுன்னா ஒரு வீட்டோட சாப்பாடு போச்சுன்னு அர்த்தம். ஒருத்தனுக்கு நல்லது பண்ணா அதோட பில்லு யாரு தலைலயாவது விழும், அதனாலதான் அந்தப் பையன் தன் கையைப் பாத்தே பயப்படறான். கடனும் வட்டியும் தெரிஞ்ச ஒருத்தர்தான் இப்படி ஒரு மந்திரத்தை யோசிக்க முடியும். இதைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா அந்த கரடியும் பச்சை குத்தின ஆளும் தானா அதது இடத்துல வந்து உக்காந்துக்கும்.

தயாரிப்பு விஷயம் வேகமா சொல்லிடறேன். ஒரு எபிசோடுக்கு நாப்பது லட்சம் டாலர் அளவுக்கு செலவு, அந்த காலத்துக்கு யானை விலை, துணி பூரா கிழிசலும் அழுக்கும்தான், அந்த அழுக்குக்குத்தான் அவ்ளோ காசு. 2004ல அஞ்சு எம்மி அவார்டு (அமெரிக்க டிவிக்கான பெரிய விருது), ஒளிப்பதிவு, கலை, உடை, தலையலங்காரம், டைட்டில்னு எல்லாம் கண்ணுக்குத் தெரியற வேலைக்குக் கிடைச்சுது. டைட்டில் பாட்டை ஸ்கிப் பண்ணாதீங்க, சீட்டுக் கட்டு ஓவியத்துக்குள்ள கேமரா நுழைஞ்சு ரூஸ்வெல்ட், ஸ்டாலின், முசோலினி, கஞ்சிக்கு நிக்கற க்யூன்னு பழைய ஃபிலிமுக்குள்ள போயிட்டு வரும். ஜஸ்டின் பக்கம் வயசான பாதிரியாரா வர்ற ரால்ஃப் வெய்ட்டை கவனிங்க, 70கள்ல தி வால்டன்ஸ்னு இதே பஞ்ச காலத்துக் குடும்ப சீரியல்ல பாசமான அப்பாவா வந்தவர், அமெரிக்கக்காரங்களுக்கு அந்த முகத்தைப் பாத்தாலே வீட்டு ஞாபகம் வரும், அதை இங்க எப்படி வேற மாதிரி உபயோகிச்சிருக்காங்கன்னு பாருங்க.

நாஃப் ஆறு சீசனுக்குக் கதை வச்சிருந்தார், ரெண்டு ரெண்டு சீசனா மூணு பாகம். முதல் பாகம் முடிஞ்சதோட சேனல் கடையைக் கட்டிருச்சு, ஆளுங்க பாக்கறது குறைஞ்சு செலவு மட்டும் குறையல. அதனால கடைசி எபிசோட் ஒரு பெரிய கதவைத் தொறந்து வச்சுட்டு அப்படியே நிக்குது. அணுகுண்டு வரைக்கும் போக வேண்டிய கதை அது, 1945 நியூ மெக்சிகோ சோதனையைப் பத்தி முதல் நிமிஷத்துலயே சாம்சன் வாயால ஒரு கோடு காட்டுவாங்க. முடிவு வேணும்னு அடம் பிடிக்கிற ஆளா இருந்தா பாக்காதீங்க, கடுப்பாகும். ஆனா ரெண்டாவது சீசன் முடிவுல ஜஸ்டின் பென் கணக்கு ஒரு மாதிரி நேர் ஆகுது, அம்போன்னு நடுக்காட்டுல விட மாட்டாங்க.

உங்களுக்கு நான் சொல்றது, ஆறாவது எபிசோட் வரைக்கும் போங்க. அதுவும் பிடிக்கலைன்னா விட்டுடுங்க, உங்க தப்பு இல்ல, வேகம் கம்மிதான், சில எபிசோட்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். செல்போன்ல பாக்காதீங்க, பாதி சீன் விளக்கு வெளிச்சத்துல நடக்குது, கறுப்புத் திரைதான் தெரியும். சப்டைட்டில் கட்டாயம், ஓக்லஹோமா பேச்சும் கம்பெனி பாஷையும் சேந்து வரும்போது நாலாவது தடவ பாக்கறவனுக்கே பாதிதான் விளங்கும். அப்புறம் மைக்கேல் ஆண்டர்சன் கல்லாப்பெட்டிய எண்ணும்போது முகத்தைப் பாருங்க, அன்னைக்கு ராத்திரி யாருக்கு என்ன ஆகப் போகுதுன்னு அங்கயே தெரிஞ்சிரும்.